நான் சாப்பிட்ட நடக்காத கல்யாணம்

குடியாத்தத்தில் நான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு கல்யாணம், நடக்கவே இல்லை என்று வேலூர் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. நடந்து பிறகு முறிந்துபோனது என்று அல்ல. சட்டப்படி அப்படி ஒரு கல்யாணமே கிடையாது. தீர்ப்பு வந்த வாரம் கல்யாணப் பெண்ணிடமே கேட்டேன்.

"அப்ப நான் துன்ன ரெண்டு லட்டும் ஒரு பாதுஷாவும் இன்னாடி?"

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னாள்: "அது சாப்பாடுக்கா. கல்யாணச் சாப்பாடுன்னுதான் சொல்லக் கூடாது."

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் சரியான பெயர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளின் பெயரை நான் மறைப்பது வேடிக்கைதான். ஆனால் அவளுக்கு இப்போது பேரன் பேத்திகள்கூட இருக்கலாம். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நானும் அவளும் ஒரே மேஜையில் செக்கிங் வேலை பார்த்தோம். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து எங்களிடம் அனுப்புவார்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ தோலில் புள்ளி, கோடு விழுந்திருந்தாலோ ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனிக் கூடையில் எறிய வேண்டும். எனக்கு அது நல்லது, கெட்டது என்ற இரண்டு கூடை வேலை. அவளுக்கு அப்படி இல்லை. கெட்டது என்றால் எதனால் கெட்டது, யாரால் கெட்டது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒருநாள் சூப்பர்வைசர் பாய், தையல் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் தைத்ததில் ஏழெட்டு ஜோடி புள்ளி புள்ளியாக இருந்தது. ஊசியைத் தவறாக இறக்கியிருக்கிறாள் என்பது பாயின் கட்சி. அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். இவள் மேஜையை விட்டு எழுந்து போய், ஒரு ஜோடியை வாங்கிப் பார்த்து, விரலால் தடவி, பாயிடமே நீட்டினாள்.

"பாய், இதுக்குப் பேர் ஊசி ஓட்டை இல்ல. ஆட்ட உண்ணி கடிச்சிருக்குது. ஆடு உசிரோட இருக்கச்சொல்ல நடந்த தப்புக்கு இவள இன்னாத்துக்குத் திட்றீங்க?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். உண்ணிக் கடிதான். "சரி, போம்மா, போ. பெரிய பேஜாரு உன்னோட" என்றார். அன்று முதல் யார் மேல் தப்பு என்று சந்தேகம் வந்தால் அவரே இவளிடம் கொண்டுவந்து காட்டுவார்.

"அதுக்குப் பேர் அது இல்ல" என்பது அவள் வாயில் எப்போதும் இருந்த பேச்சு. கேன்டீன் சாம்பாரைப் பார்த்து அப்படிச் சொல்வாள். காய்ச்சல் என்று லீவு எழுதிவிட்டு சினிமாவுக்குப் போய்வந்த என்னிடமும் சொன்னாள். குடியாத்தத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வருபவள், வண்டி அரை மணி தாமதமாக வந்தால், "ஸ்டேஷன் மாஸ்டர் 'சரியான நேரத்துக்கு வருது'ன்னு சொன்னாருக்கா. அதுக்குப் பேர் சரியான நேரம் இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்" என்பாள். அவளோடு பேசும்போது நாங்கள் கொஞ்சம் பயந்துதான் பேசுவோம். வீட்டில் லுங்கி நெய்யும் அவள் அப்பாகூட, "எம் பொண்ணுகிட்ட வாயக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தபா யோசிக்கணும்மா" என்று கல்யாணப் பந்தியில் என்னிடம் சொன்னார்.

தீர்ப்பு வந்த பிறகு அவள் செய்த முதல் காரியம், கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தது. சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எவர்சில்வரில் பேர் வெட்டியிருந்ததால் யாருடையது எது என்பதில் குழப்பமே இல்லை. எங்கள் செக்கிங் செக்‌ஷன் சேர்ந்து ஒரு குடம் வாங்கிக் கொடுத்திருந்தோம். அதைப் பாசஞ்சரில் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள்.

"நடக்காத கல்யாணத்துக்குக் குடுத்தது. எடுத்துக்கோங்க."

"குடுத்தத வாங்கற பழக்கம் எங்க வீட்லயே இல்ல" என்றார் பாய்.

"அப்ப எழுத்தையாவது மாத்துங்க."

'திருமண அன்பளிப்பு' என்று வெட்டியிருந்ததில் முன்பாதியை, மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர் ராவித் தேய்த்து எடுத்துக் கொடுத்தார். மிச்சம் நின்றது வெறும் அன்பளிப்பு. அவள் திருப்தியாகத் தலையாட்டி, குடத்தில் தண்ணீர் பிடித்து மேஜை ஓரத்தில் வைத்தாள். நான் அந்தக் கம்பெனியை விட்டு நிற்கும்வரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

ஆபீஸில் ஒரு பாரம் நிரப்பும்போதும் தகராறு. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, விதவையா, விவாகரத்து ஆனவரா என்று கேட்டிருந்தது. கிளார்க் நான்காவதில் டிக் அடிக்கப் போனார். இவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆகாதவர்னு போடுங்க சார்."

"ஏம்மா, ஊரே வந்து சாப்பிட்டுது..."

"சாப்பிட்டவங்களுக்கு ஒரு பாரம் தனியாப் போடுங்க. இது எனக்கு."

கைப்பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்துப் பிரித்து வைத்தாள். கிளார்க் முதல் பக்கத்தைப் பாதி படித்துவிட்டு இரண்டாவதில் டிக் அடித்தார்.

இதெல்லாம் கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கிறது. அந்த நகல் கைக்கு வர அவள் பட்டது அப்படி ஒன்றும் சிரிப்பாக இல்லை.

மாப்பிள்ளை தரகர் மூலமாக வந்தவர். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குச் சாயமும் கெமிக்கலும் விற்கிற கம்பெனியில் ஏஜென்ட். ஆளும் லட்சணமாக இருப்பார், பேச்சும் தேன்போல இருக்கும். நெமிலிப் பக்கத்துக் கிராமம் சொந்த ஊர், அப்பா அம்மா இல்லை என்றார்கள். வாரத்தில் பாதி நாள் ஆம்பூர், வாணியம்பாடி. மீதி நாள் ராணிப்பேட்டை. கல்யாணமாகி ஆம்பூரில் ஒரு வீடு பிடித்துக் குடியிருந்தார்கள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். மல்லிப்பூ இல்லாமல் வேலைக்கு வந்ததில்லை.

ஒரே ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டு. கல்யாணம் ஆனதும் அவள் அப்பா கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். புருஷன் கார்டில் சேர்க்க வேண்டும். கேட்டபோதெல்லாம் அவர், "கார்டு ஊர்ல இருக்குது, பாக்கலாம்" என்றார். எட்டு மாதம் பார்த்தார்.

"எந்தக் கார்டுலயும் என் பேர் இல்லக்கா. நான் இருக்கேனா இல்லியான்னே தெரியல" என்று என்னிடம் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை, அவர் ராணிப்பேட்டைக்குப் போயிருந்த நாளில், வேலூர் போய், வாலாஜாபேட்டையில் பஸ் மாறி, அவர் ஊருக்கே போய்விட்டாள். சண்டை போடுவதற்காக அல்ல. கார்டைத் தானே மாற்றிக்கொண்டு வந்தால் அவருக்கு ஒரு வேலை மிச்சம் என்று.

அங்கே ரேஷன் கடைக்காரர் புருஷன் பெயரைக் கேட்டு, நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு இவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இன்னா வேணும் அவருக்கு?"

"நான் அவரு சம்சாரம்."

"இல்லியேம்மா. அவரு சம்சாரம் இப்பதான் சக்கர வாங்கினு போச்சு. அதோ, பச்சப் பொடவ."

இந்த இடத்தை அவள் என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். அடுத்த நொடியே சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பச்சைப் புடவையின் பின்னாலேயே போய், கதவைத் தட்டி, விவரம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவை நாங்கள் பிறகு நெமிலி அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அவருக்கு அந்தப் பெயரே இருக்கட்டும். நெமிலி அக்கா கூச்சல் போடவில்லை. பக்கத்தில் நின்ற நாலு வயது மகளைத் தண்ணீர் எடுத்துவர உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்டாராம்.

"எத்தினி மாசமா?"

"எட்டு."

"அப்ப தீவாளிக்கு அவரு வராதது உன்னாலதானா?"

அவ்வளவுதான் பேச்சு. தண்ணீரைக் குடித்துவிட்டு இவள் பஸ் ஏறினாள். அன்றே ஆம்பூர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குப் போனாள். புருஷன் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்துக்கு வந்தார். இரண்டு பேரையும் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்றார்.

"அதுக்குப் பேர் காப்பாத்துறது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலூரில் வக்கீலைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். அவள் அப்பா, "டைவர்ஸ் வாங்கிக் குடுங்க சார்" என்றார். வக்கீல் வயதானவர், நிதானமானவர்.

"டைவர்ஸ்னா நடந்த கல்யாணத்த முறிக்கிறது. இங்க முறிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. மொத சம்சாரம் உசிரோட, விலகாம இருக்கச்சொல்ல செய்ற கல்யாணம் ஆரம்பத்துலயே செல்லாது. செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லித்தான் மனு போடணும்."

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பிடித்த மாதிரி ஒருவர் பேசுகிறாரே.

"எல்லா ஏமாத்துக் கல்யாணமும் இப்டித்தானா சார்?"

"இல்லம்மா. ரெண்டு வகை இருக்குது. இன்னொரு சம்சாரமோ புருஷனோ இருந்தா, கட்டக் கூடாத சொந்தமா இருந்தா, அது எப்பவுமே செல்லாது. மிரட்டிக் கட்டி வெச்சது, முக்கியமான விஷயத்த மறைச்சுக் கட்டினது, புத்தி சரியில்லாதவங்க, தாம்பத்தியத்துக்கு ஆகாதவங்க, பொண்ணு வேற ஒருத்தரால முழுகாம இருந்தது... இதெல்லாம் ரெண்டாவது வகை. பாதிக்கப்பட்டவங்க வந்து ரத்து பண்ணச் சொன்னாத்தான் ரத்து. சும்மா இருந்தா அது கல்யாணம்தான். அதுல சிலதுக்கு ஒரு வருஷக் கெடு உண்டு. மோசம் தெரிஞ்சப்புறமும் மனசார சேர்ந்து வாழ்ந்திருந்தா கேக்க முடியாது. உன்னோடது மொத வகை. கெடு இல்ல."

"இல்லாததுதான்னா அப்புறம் கோர்ட்டு எதுக்கு சார்?"

வக்கீல் சிரித்தார். "இல்லன்னு யாராவது எழுதிக் கையெழுத்துப் போடணும் இல்ல?"

குழந்தை உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். "இருந்தாலும் பயமில்ல. கல்யாணம் செல்லாட்டியும் குழந்தை முறையான குழந்தைதான்னு சட்டத்துல இருக்குது" என்றார். ஜெயிலில் போட வேறு கேஸ் தனியாகக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். "வேணாம் சார். அந்தக் கொழந்தைக்கு அப்பாவ நான் எதுக்குப் புடிச்சு உள்ள வெக்கணும்?" என்றாள்.

மனு போட்டாயிற்று. நோட்டீஸ் போனது. மூன்று வாய்தா கழித்து அவர் எதிர்மனு தாக்கல் செய்தார். வக்கீல் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நெமிலியில் இருப்பது தன் மனைவியே அல்ல, அந்தப் பெண்ணோடு வெறும் பழக்கம்தான், தாலி கட்டவில்லை, சடங்கு எதுவும் நடக்கவில்லை, தனக்குச் சட்டப்படி ஒரே மனைவி இவள்தான், அவளைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று சத்தியம் செய்து எழுதியிருந்தார்.

"இப்ப சிக்கல் இதாம்மா. மொதக் கல்யாணம் முறைப்படி நடந்துதுன்னு நாமதான் நிரூபிக்கணும். முடியலன்னா உன் கல்யாணம் செல்லும்" என்றார் வக்கீல்.

"அப்ப நான் பொண்டாட்டி இல்லன்னு ஆவணும்னா, அவங்க பொண்டாட்டின்னு நான் நிரூபிக்கணும்."

"அதேதான்."

நெமிலி அக்காவிடம் ஏற்கெனவே ஒருமுறை சாட்சிக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தோம். கட்டின புருஷனுக்கு எதிராக நான் கூண்டில் ஏறுவதா என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆள் அனுப்பினால் ஆகாது என்று, எதிர்மனு நகலை எடுத்துக்கொண்டு இவளே போனாள். நானும் போனேன். நெமிலி அக்கா இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே இவள் வாசித்தாள். 'பழக்கம்' என்ற வார்த்தை வந்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, இதுக்குப் பேர் பழக்கமா?"

உள்ளே மகள் சிலேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நெமிலி அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாய்தா என்னைக்கு?" என்றார்.

கோயிலில் கல்யாணம் நடந்ததற்கான ரசீதோடு, தாலி கட்டியதைப் பார்த்த அண்ணன் நெமிலி அக்கா பக்கமிருந்து வந்தார். இவள் கல்யாணம் எப்படி நடந்தது என்று சொல்ல நான் கூண்டில் ஏறினேன். பயத்தில், மாப்பிள்ளை எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டதற்கு, பந்தியில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் பெயர் கூப்பிடும் டவாலிகூடச் சிரித்தார்.

நெமிலி அக்காவின் சாட்சிதான் சாட்சி. எதிர்க்கட்சி வக்கீல் மிடுக்கான ஆள்.

"தாலி கட்டினார்ங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்?"

அக்கா கழுத்திலிருந்து எடுத்துக் காட்டினார்.

"இத நீங்களே கடையில வாங்கிப் போட்டிருக்கலாமே?"

அக்கா தாலியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நானே வாங்கறதா இருந்தா இம்மாம் சின்னதாவா சார் வாங்குவேன்?"

ஜட்ஜ் குனிந்து ஏதோ எழுதினார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். எதிரே அந்த மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலை மட்டும் அன்றைக்கும் ஒரு மயிர் கலையாமல் வாரியிருந்தது.

எல்லாம் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. தீர்ப்பு நாளன்று நெமிலி அக்கா யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். ஜட்ஜ் இங்கிலீஷில் வாசித்தார். வக்கீல் திரும்பி எங்களுக்குத் தமிழில் சொன்னார். முதல் கல்யாணம் முறைப்படி நடந்தது. ஆகவே இரண்டாவது செல்லாது. ஒரே காகிதத்தில் ஒருத்தி மனைவியானாள், இன்னொருத்தி கன்னியானாள்.

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று பேரும் நடந்தே வந்தோம். எங்கள் பஸ் ஒரு பக்கம், நெமிலி பஸ் ஒரு பக்கம். முதலில் நெமிலி அக்காவை ஏற்றிவிட்டுப் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தோம். சுண்டல் வாங்கினோம். பாதி சுண்டலில் இவள் அழ ஆரம்பித்தாள்.

இந்த இரண்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. "ஏண்டி, ஜெயிச்சுட்டியே, இன்னா ஆச்சு?" என்று தோளைப் பிடித்தேன்.

"ஒண்ணுமே நடக்கலன்னுட்டாருக்கா ஜட்ஜு. கேட்டது நான்தான். அது சரிதான். ஆனா எட்டு மாசம் நான் ஒருத்தருக்குக் குழம்பு வெச்சேன். பஸ் சத்தம் கேட்டா வாசலுக்குப் போனேன். அதுக்கு இன்னா பேர்? அத நான் யார்கிட்ட சொல்றது?"

நெமிலி அக்கா சுண்டல் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்தார்.

"என்கிட்ட சொல்லு. எனக்குத்தான் தெரியும்." பிறகு கேட்டார்: "தலை வாரச்சொல்ல மூச்ச அடக்கிக்குவாரே, பாத்திருக்கியா?"

இவள் மூக்கை உறிஞ்சினாள். "வகிடு எடுத்து முடிச்சப்புறம்தான் விடுவாரு."

"சாப்பிடறச்சொல்ல இலை ஓரத்துல உப்பக் குவிச்சு வெச்சுக்கினு?"

"கடைசி வரிக்கும் தொடவே மாட்டாரு!"

"குழம்பு எப்டி இருக்குதுன்னு கேட்டா?"

"எங்க அம்மாகூட இப்டி வெச்சதில்லன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்ககிட்டயுமா?"

"ஏழு வருஷமாடி!"

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. இவள் பெஞ்சிலிருந்து சரிந்து விழப் பார்த்தாள். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு என்னவென்று பாதி புரியாமலே நானும் சிரித்தேன். நெமிலி பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, கிளம்பிப் போனது. அடுத்ததும் வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"ஏம்மா, நெமிலிதானே? ஏறுறீங்களா இல்லியா?"

"அடுத்த வண்டில வர்றேன், நீ போப்பா" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு இவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அந்த நீல சட்டை இருக்குதே, அது யார் எடுத்துக் குடுத்ததுன்னு உன்கிட்ட சொன்னாரு?"